செவிலியரும் கணினிப் பதிவேடும்



மருத்துவர் வந்து பார்த்துச் செல்வது சில நிமிடங்கள். இரவும் பகலும் நோயாளியின் அருகில் இருப்பவர் செவிலியரே. மருந்து கொடுப்பதும், காய்ச்சலை அளப்பதும், நாடியை எண்ணுவதும், அவற்றை உடனுக்குடன் குறித்து வைப்பதும் அவருடைய கடமைகள். இவற்றுள் இறுதியாகச் சொன்னதைச் சிறு வேலையென்று எண்ணிவிடலாகாது. 1854ஆம் ஆண்டில், கிரிமியப் போரின்போது ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குச் சென்ற ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் கைவிளக்கைப் பள்ளிப் பாடங்கள் போற்றுகின்றன. அவருடைய கணக்கேடும் அவ்வாறே போற்றத்தக்கது. காயத்தால் மாண்டவரைவிடத் தடுக்கக்கூடிய நோயால் மாண்ட வீரரே மிகுதி என்பதை 1858இல் அவர் வரைபடங்களால் மெய்ப்பித்தார்.

அந்தக் கணக்கேடு இன்று கணினிக்குள் புகுந்திருக்கிறது. இதனால் விளையும் நன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், டொப்பீக்கா நகரிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சூ கின்னிக் என்னும் செவிலியர் பணியாற்றினார். 1992இல், வாடகைக் கார் நிலையம் ஒன்றில் ஊழியர் ஒரு கைக்கருவியால் காரின் பட்டைக்குறியைப் படித்துக் கணக்கு முடிப்பதைக் கண்டார். அம்முறையை மருந்து கொடுப்பதிலும் கையாளலாமே என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. அது முதலில் அவரது மருத்துவமனையிலும், பின்னர் அத்துறையின் பிற மருத்துவமனைகளிலும் நடைமுறைக்கு வந்தது.

முறை எளியது. நோயாளியின் மணிக்கட்டில் ஒரு பட்டை. மருந்துப் பொதியில் ஒரு குறி. இரண்டையும் செவிலியர் கருவியால் படிக்கிறார். உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய நேரம் ஆகிய ஐந்தையும் மருத்துவரின் ஆணையோடு கணினி ஒப்பிட்டு, மாறுபட்டால் எச்சரிக்கிறது. பாஸ்டன் நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றில் நடந்து, 2010இல் வெளியான ஆய்வின்படி, நேரந்தவறுதல் நீங்கலாக, மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகள் ஏறத்தாழ 41 விழுக்காடு குறைந்தன.

எனினும் மறுபக்கமும் உண்டு. 2008இல் வெளியான வேறோர் ஆய்வு, இக்கருவியைச் செவிலியர் சுற்றிக் கடந்து செல்லும் 15 வகைக் குறுக்குவழிகளைக் கண்டறிந்தது. நோயாளியின் பட்டைக்கு நகல் எடுத்து வேறிடத்தில் வைத்து, அங்கேயே படித்துவிடுவது அவற்றுள் ஒன்று. அப்போது, நோயாளியை அறிந்துகொண்டதாகக் கணினி பதிவு செய்யும். அவரையோ எவரும் பார்த்திருக்கமாட்டார்! தலைநிமிராமல் வருகைப் பதிவேட்டை நிரப்பும் ஆசிரியரை நான் அறிவேன். பதிவேடு நிறைந்திருக்கும், பலகை வெறிதாயிருக்கும்.

இதற்குச் செவிலியரை மட்டும் பழிப்பது முறையன்று. பட்டை கசங்கினாலும், மின்கலம் தீர்ந்தாலும், தொடர்பு அறுந்தாலும் அவர் என்ன செய்வார்? வலியால் துடிப்பவர் காத்திருப்பாரா? ஆகவே, கருவியை அமைப்போர் முதலில் செவிலியரைக் கேட்டு அமைத்தல் வேண்டும்.

நம் தமிழ்நாட்டிலும் கர்ப்பிணிகளின் விவரங்கள் ‘பிக்மி’ என்னும் கணினித் தளத்தில் பதியப்பெறுகின்றன. ஒரே செய்தியை ஏட்டிலும் கணினியிலுமாக இருமுறை எழுத வைத்தால், சுமை குறையாது, கூடும். கணினி மிச்சப்படுத்தும் நேரம் நோயாளிக்கே சேர வேண்டும். அவர் முகத்தில் தோன்றும் வாட்டத்தை எந்தக் கருவியும் படித்துச் சொல்லாது. நிமிர்ந்து பார்க்கும் செவிலியரின் கண்ணே அதைக் காணும். அந்தக் கண்ணுக்கு ஓய்வளிப்பதன்று, துணை நிற்பதே பதிவேட்டின் பணி.