பெட்டி மாறிய விளையாட்டுகள்

கணினிக்கென்று ஆக்கப்பெற்ற ஒரு விளையாட்டு, கொன்சோல் என்று வழங்கும் விளையாட்டுப் பெட்டிக்கு மாற்றப்படும்போது தரங்குன்றியே தீரும் என்பது பலருடைய துணிபு. பல ஆண்டுகள் நானும் அவ்வாறே வாதாடி வந்தேன். மாற்றி அமைத்தது மூலத்தை விஞ்சவுங் கூடுமோ என்று எவரேனும் வினவினால், நிழல் உருவத்தை விஞ்சுமோ என்று எதிர்வினா விடுத்து அவர் வாயை அடைத்துவிடுவேன். அந்தத் துணிபை நான் கைவிட நேர்ந்தது எவ்வாறு என்பதையே இன்று நேயர்களுக்குச் சொல்ல எண்ணுகின்றேன்.

முதலில் இவ்விரு கருவிகளின் இயல்பைச் சிறிது நோக்குவோம். கணினியில் விளையாடுபவர் திரைக்கு இரண்டடி தூரத்தில், மேசையோடு ஒட்டி, பெரும்பாலுந் தனியாக இருக்கின்றார். அவர் கையிற் சுட்டியும் விசைப்பலகையும் உள. கொன்சோலில் விளையாடுபவரோ தொலைக்காட்சிக்கு எட்டடி பத்தடி அப்பால், நாற்காலியிற் சாய்ந்தோ பாயில் அமர்ந்தோ, இன்னொருவர் பக்கத்தில் இருக்க விளையாடுகின்றார். அவர் கையில் இருப்பது கொன்ட்ரோலர். சில பொத்தான்களும், பெருவிரலால் அசைக்கும் ஒன்றோ இரண்டோ சிறு கோல்களும் கொண்ட கைக்கருவி. சுட்டி இடத்தைக் காட்டுவது. கோல் திசையைக் காட்டுவது. சுட்டி, 'அதோ, அங்கே' என்று சொல்லும். கோலோ, 'இப்படியே போ, வேகமாகப் போ' என்று சொல்லும். வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயின் ஒரு விளையாட்டின் உயிர்நாடி இங்கேதான் இருக்கின்றது.

இவ்வேறுபாட்டைக் கருதாது மாற்றினால் விளைவு என்னவாகும் என்பதற்கு 'ஸ்டார்கிராப்ட்' நல்ல சான்று. 1998-ஆம் ஆண்டிற் கணினிக்கென வெளிவந்த போர் விளையாட்டு இது. சுட்டியால் திரையில் ஒரு கட்டம் வரைந்து ஒரு படைக்கூட்டத்தை ஒருங்கே பிடிப்பதும், கண்ணிமைக்கும் நேரத்தில் அதனைக் களத்தின் மறுகோடிக்கு ஏவுவதும், அதே வேளையிற் பின்னால் திரும்பிக் கட்டடம் எழுப்புவதுமே அதன் சுவை. 2000-ஆம் ஆண்டில் அதனை நின்டெண்டோ 64 என்னும் பெட்டிக்கு மாற்றினர். கணினியில் எண்மர் வரை பொருதிய ஆட்டம் இங்கே இருவருக்குச் சுருங்கிற்று. அவ்விருவரும் ஒரே திரையைக் கூறுபோட்டுக்கொண்டதனால், ஒருவர் மறைக்க நினைத்த படையை மற்றவர் கடைக்கண்ணாற் பார்த்துவிடலாம்! மாற்றியோர் உழைப்புக் குறைவன்று. கோலால் ஓட்ட இயலாத ஒன்றைக் கோலால் ஓட்டச் சொன்னார்கள், அவ்வளவே. என் பழைய வாதத்துக்கு இந்த விளையாட்டே நெடுங்காலம் ஊன்றுகோலாக இருந்தது.

ஆனால் அதற்கு ஒன்பது ஆண்டுகள் முந்தியே, அதே நின்டெண்டோ நிறுவனத்தின் முந்திய பெட்டியொன்றில் வேறு விதமான மாற்றம் நிகழ்ந்திருந்ததை நான் கருத்திற் கொள்ளவில்லை. 'சிம்சிட்டி' என்பது வில் ரைட் என்னும் அமெரிக்கர் ஆக்கி 1989-இல் வெளிவந்த விளையாட்டு. வெற்று நிலம் ஒன்றில் வீதி அமைத்து, மின்சாரம் இழுத்து, வீடும் தொழிற்சாலையும் வைத்து ஒரு நகரை வளர்ப்பதே ஆட்டம். இங்கே வெற்றி என்ற ஒன்றும் இல்லை. நகர் வளரும், சீர்கெடும், மீண்டும் வளரும். இதனை 'சுப்பர் நின்டெண்டோ' பெட்டிக்குக் கொண்டுவர விரும்பிய ஜப்பானியர், வில் ரைட்டைக் கியோத்தோவுக்கு அழைத்து, மரியோவைப் படைத்த ஷிகெரு மியமோட்டோ முதலியோருடன் கலந்து ஆராயச் செய்தனர். 1991-இல் வெளிவந்த அந்தப் பதிப்பில், ஊர் வளர வளர ஆள்வோனுக்குப் பரிசில்கள் வந்து சேர்ந்தன. இத்தனை ஆயிரம் குடிகள் சேர்ந்தால் ஊர் பட்டினம் என்னும் பெயர் பெறும். பின்னர் நகரம், தலைநகரம் என்று உயரும். 5 இலட்சம் பேர் குடியேறினால் மரியோவுக்கே ஒரு சிலை எழுப்பலாம். பருவங்கள் மாற நிலத்தின் நிறமும் மாறிற்று. பச்சைத் தலைமயிர் உடைய டொக்டர் ரைட் என்னும் ஆலோசகர் ஒருவரும் புதிதாக வந்தார். மூலத்தை ஆக்கியவரின் பெயரையே அவருக்கு இட்டிருந்தனர். அவர் அடிக்கடி குறுக்கே வந்து அறிவுரை கூறுவது, கேளாமலே புத்தி சொல்லும் உறவினர் ஒருவரை எனக்கு நினைவூட்டுவதுண்டு.

இங்கே நிகழ்ந்தது யாது? எட்டடி தூரத்தில் இருந்து, சுட்டியின்றி, பள்ளிப் பிள்ளையும் பாட்டனும் சேர்ந்து பார்க்கும் திரையில், இலக்கின்றி ஒரு நகரை வளர்ப்பது சலிப்பூட்டும் என்பதை அவர்கள் உணர்ந்தனர். ஆகவே சிறிய சிறிய இலக்குகளை வகுத்தனர். மேடை நாடகத்தை வானொலிக்கு அமைப்போர் அறிந்த உண்மைதான் இது. கண்ணுக்கு உரியதை அப்படியே ஒலிபரப்பினால் நேயருக்குக் கிடைப்பது காலடி ஓசை மாத்திரமே. காதுக்கு உரியதைப் புதிதாக எழுதவேண்டும். எனினும், தன் போக்கில் நகர் அமைத்து அதன் விளைவை ஆராய்வதில் இன்பங் காண்பவர்க்குக் கணினியின் மூலப் பதிப்பே இன்றும் உகந்தது என்பேன். ஆதலின் சிம்சிட்டியைச் சமனான தீர்ப்பாகக் கொள்ளலாம். என் துணிபை அது அசைத்ததேயன்றி வீழ்த்தவில்லை.

வீழ்த்தியது 'டயப்லோ' தான். நேயர்கள் பொறுத்தருளினால் இதனைச் சற்று விரித்துரைப்பேன்.

டயப்லோ என்ற வரிசையின் முதல் விளையாட்டு 1997-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிற் கடைகளுக்கு வந்தது. ஆக்கியோர் பிளிசார்ட் நிறுவனத்தார். பாழடைந்த நிலவறைகளில் இறங்கிப் பேய்களையும் பூதங்களையும் வெட்டி வீழ்த்துவதும், அவை வீழும் இடத்திற் சிதறும் வாளையும் கவசத்தையும் பொறுக்கி அணிந்துகொண்டு இன்னும் ஆழமாக இறங்குவதுமே கதை. அடுத்த பூதத்திடம் இருந்து எது விழுமோ என்ற ஆவல்தான் விளையாடுவோனை இரவிரவாக விழித்திருக்கச் செய்வது.

மூன்றாம் டயப்லோ 2012-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆந் தேதி கணினிக்கென வெளிவந்தது. முதல் 24 மணி நேரத்தில் 35 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றதாக நிறுவனம் அறிவித்தது. ஆயின் அதில் இரண்டு புதுமைகள் புகுந்திருந்தன. ஒன்று, தன்னந்தனியே விளையாடுபவரும் எப்பொழுதும் இணையத்தோடு தொடர்பு கொண்டிருத்தல் வேண்டும் என்ற விதி. முதல் நாளன்றே நிறுவனத்தின் கணினிகள் கூட்டந் தாங்காது திணற, வாங்கிய பலர் '37-ஆம் பிழை' என்ற அறிவிப்பையே பார்த்துக்கொண்டிருந்தனர். மற்றது ஏலச் சந்தை. விளையாட்டிற் கண்டெடுத்த வாளையும் கவசத்தையும் விளையாட்டுப் பொன்னுக்கு மாத்திரமன்றி, உண்மைக் காசுக்கும் அங்கே விற்கவும் வாங்கவும் முடிந்தது.

இச்சந்தை செய்த தீங்கைக் கூர்ந்து நோக்குதல் தகும். உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் கண்டெடுத்த பொருள்கள் ஒரே சந்தையிற் குவிகின்றன. நீங்கள் ஒரு மணி நேரம் போராடி ஒரு வாளைப் பெறுகின்றீர்கள். அதனினும் சிறந்த வாள் சந்தையில் மலிவாகக் கிடக்கின்றது. அப்படியாயின் பூதத்தோடு போராடுவது எதற்கு? சந்தைக்குப் போய் ஒரு வாளை வாங்கிவிடலாமே! தேடிக் கண்டெடுக்கும் இன்பத்துக்கென ஆக்கப்பட்ட விளையாட்டு, விலைப்பட்டியல் பார்க்கும் வேலையாயிற்று. ஆட்டத்தின் முதுகெலும்பையே சந்தை அரித்துவிட்டது.

இனி, பெட்டிக்கு வருவோம். 2013-ஆம் ஆண்டு செப்டெம்பர் 3-ஆந் தேதி, பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பொக்ஸ் 360 ஆகிய கொன்சோல்களுக்கு அதே விளையாட்டு வந்தது. ஜோஷ் மொஸ்கெய்ரா என்பவர் தலைமையில் ஒரு சிறு குழு அதனை அமைத்தது. இந்தப் பதிப்பில் ஏலச் சந்தை இல்லை. இணையமுந் தேவையில்லை, தட்டை இட்டு விளையாடலாம். சந்தை இல்லாமையால், அகப்படும் பொருள்கள் அகப்பட்டவனுக்கே உதவவேண்டியிருந்தது. ஆகவே குப்பைப் பொருள்களைக் குறைத்து, நல்ல பொருள்கள் அடிக்கடி விழும்படி செய்தனர்.

கையாளும் முறையும் மாறிற்று. கணினியில் நடப்பதற்கும் வெட்டுவதற்கும் சுட்டியின் அதே இடப்பொத்தானைத்தான் அழுத்தவேண்டும். தப்பி ஓட நினைத்து அழுத்தினால், சுட்டி பூதத்தின் மேல் இருந்த குற்றத்துக்கு, வீரன் ஓடாது நின்று வெட்டத் தொடங்குவான், உயிரையும் விடுவான். கொன்சோலில் இடக்கோல் வீரனை நேரே நடத்துகின்றது. வலக்கோலை ஒரு பக்கந் தள்ளினால் அவன் உருண்டு விலகுகின்றான். கணினியில் இல்லாத அசைவு இது. சுட்டிக்கு உரிய நுட்பம் போயிற்று என்று வருந்த இருந்த இடத்தில், சண்டை இடுவதே முன்னினும் உயிர்ப்புடையதாயிற்று.

எல்லாவற்றிலும் பெரியது, நால்வர் ஒரே திரையில் ஒரே சமயத்தில் ஆடலாம் என்ற ஏற்பாடு. என் தமக்கையின் வளர்ந்த பிள்ளைகள் மூவர் வீட்டில் இதனை வாங்கி வைத்திருந்தார்கள். கணினிப் பதிப்பை மாதக்கணக்கில் ஆடித் தேர்ந்தவன் என்ற செருக்கோடு நான் நாலாவது ஆளாக உட்கார்ந்தேன். முதல் அரை மணி நேரம் என் விரல்கள் இல்லாத சுட்டியைத் தேடின. பின்னர், எனக்கு வேண்டாத கவசம் ஒன்று விழ, மூத்தவள் அதனைக் கேட்டு வாங்கி அணிந்துகொண்டாள். இளையவன் இறந்து விழ, மற்றவர் இருவரும் அவனை எழுப்ப ஓடினர். இவையெல்லாம் கணினியிலும் இணைய வழியாகச் செய்யக்கூடியனவே. ஆயினும், பக்கத்தில் இருப்பவன் துள்ளிக் குதிப்பதை இணையங் காட்டுவதில்லை.

குறைகளையுஞ் சொல்லவேண்டும். நால்வரும் ஒரே திரையில் இருப்பதால் ஒருவர் பிரிந்து வேறு வழி போக இயலாது. பின்தங்கியவரைத் திரை இழுத்துக்கொண்டு போகும். ஒருவர் தம் பொருட்பையைத் திறந்து ஆராய்ந்தால் மற்ற மூவரும் சும்மா இருக்கவேண்டியதுதான். எந்த மோதிரம் மேல் என்று நான் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கையில், "மாமா, பையை மூடுங்கோ! நாங்கள் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு இருக்கிறது?" என்று மூன்று குரல்கள் எழுந்தன. மேலும், இணையக் காவல் இல்லாத விளையாட்டிலே பொய்யாக ஆக்கிய பொருள்களைப் புகுத்துவது எளிதாயிற்று. அறிமுகமற்றோருடன் ஆடுவோர் அத்தகைய பொருள்களை அடிக்கடி எதிர்ப்பட்டனர். கணினிப் பதிப்பின் கட்டுப்பாட்டுக்கு ஒரு நியாயம் இருந்தது என்பதை இவ்விடத்தில் ஒப்புக்கொள்கின்றேன்.

ஆயினும், பின்னர் நிகழ்ந்ததே என் வாதத்துக்கு இறுதி அடியாயிற்று. கொன்சோற் குழுவை நடத்திய மொஸ்கெய்ராவையே முழு விளையாட்டுக்கும் இயக்குநராக 2013-இல் நிறுவனம் அமர்த்திற்று. அவ்வாண்டு செப்டெம்பரில், ஏலச் சந்தை விளையாட்டின் அடிப்படைக்கே ஊறு செய்கின்றதென்று கூறி, அதனை மூடப்போவதாக அறிவித்தனர். 2014 மார்ச் 18-ஆந் தேதி கணினியிலுஞ் சந்தை மூடப்பட்டது. அதற்கு முந்திய மாதமே, குறைவாக விழுந்தாலும் தக்கவையாக விழவேண்டும் என்ற நெறி கணினிப் பதிப்பிலும் புகுத்தப்பட்டுவிட்டது. மாற்றி அமைத்ததைப் பார்த்து மூலந் தன்னைத் திருத்திக்கொண்டது! நிழலைப் பார்த்து உருவம் நிமிர்ந்த இந்தக் காட்சியைக் கண்டபின், என் பழைய எதிர்வினாவை எடுத்துவிட எனக்கு வாய் வரவில்லை.

கணினிப் பதிப்பினர் திறமை குறைந்தவர் என்று யாரும் எண்ணலாகாது. அவர்களுக்கு இடம் தாராளமாக இருந்தது. சந்தை வைக்கவும் இணையத்தை வலியுறுத்தவும் வசதி இருந்தது. பெட்டிக்கு மாற்றியோர் இருந்த வசதிகளை இழந்தனர். அவ்விழப்பினாலேயே, இவ்விளையாட்டில் எதை விட்டால் விளையாட்டே இல்லையாகும் என்று கேட்க நேர்ந்தது. ஸ்டார்கிராப்டை மாற்றியோர்க்குக் கிடைத்த விடை 'சுட்டி' என்பது. டயப்லோவை மாற்றியோர்க்குக் கிடைத்த விடை, விழும் பொருளும் பக்கத்தில் இருக்கும் ஆளும்.

நான்காம் டயப்லோ 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் கணினிக்கும் கொன்சோல்களுக்கும் ஒருங்கே வந்தது. உருண்டு விலகும் அசைவு இப்பொழுது கணினிக்கும் உரியதாகிவிட்டது. ஆனால் இணையத் தொடர்பு கொன்சோலிலும் இன்றியமையாததாயிற்று. ஒரே திரையில் ஆடக்கூடியோர் தொகை நான்கில் இருந்து இரண்டாகக் குறைந்தது. என் தமக்கையின் பிள்ளைகள் அதனை வாங்கிச் சில வாரம் ஆடிப் பார்த்தார்கள். மூவரும் நானும் ஒன்றுகூடும் நாள்களில், 2013-ஆம் ஆண்டின் பழைய தட்டையே எடுத்துப் போடுகின்றார்கள்.