கருவியும் காலும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேகப்பயிற்சியைக் குறித்துச் சில கூறுமாறு நமது காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தனர். இலக்கணம் கற்பிக்கும் எமக்கும் ஓட்டத்திற்கும் உள்ள உறவு, பாடசாலை மணி அடித்தபின் வாயிலை நோக்கி விரைவதளவே. ஆதலின் நண்பர் ஒருவருடன் யாம் நிகழ்த்திய சம்பாஷணைகளையே ஈண்டுக் கூறத் துணிந்தோம்.

நண்பர் எம்.ஏ., பி.எல். பட்டங்கள் பெற்ற வக்கீல். நமது நிர்வாக சபையின் அங்கத்தினர். அவரது மணிக்கட்டிலுள்ள கடிகாரம் மணி காட்டுவதோடு அமையாது, அணிந்தவர் எத்தனை அடி நடந்தார் என்பதையும் எண்ணும். நாளொன்றுக்கு 10,000 அடி என்பது அவரது விரதம்.

சென்ற மார்கழியில் நாகசுரக் கச்சேரி கேட்டுத் திரும்புகையில் அவர் கடிகாரத்தை நோக்கி, "பண்டிதரே, இன்றைய விரதம் முற்றிற்று!" என்று பூரித்தார்.

"கச்சேரி முழுதும் நாற்காலியிலன்றோ அமர்ந்திருந்தீர்?" என்றோம்.

"தொடையில் தாளம் போட்டேனே! இக்கருவி கையின் அசைவை உணர்ந்தே அடியைக் கணக்கிடுவது."

"அங்ஙனமாயின் தவில் வித்துவான் இந்நேரம் காசிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்!" என்றோம்.

நண்பர் தாமும் நகைத்தார். 10,000 என்னும் கணக்கிற்கு ஆதாரம் யாதென வினவினோம். 1965-இல் ஜப்பான் தேசத்தில் விற்பனைக்கு வந்த கருவியொன்றுக்குப் 'பதினாயிர அடிமானி' எனப் பொருள்படும் பெயரை இட்டனரென்றும், அப்பெயரே நாளடைவில் விதியாயிற்றென்றும், கற்றவராதலின் மறையாது உரைத்தார்.

மற்றொரு நாள் அவர் இல்லத்தில் கிரிக்கெட் பந்தயம் பார்த்தோம். பந்து ஆட்டக்காரர் காலில் பட்டது. நடுவர் விரலை உயர்த்தவில்லை. எதிர்க்கட்சியார் அப்பீல் செய்தனர். அப்பீல் என்ற சொல் கேட்டு வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இனி மனிதன் வாய் மூடும், கருவி பேசும். 2008-இல் இந்தியாவும் இலங்கையும் கொழும்பு நகரில் ஆடியபோது இம்முறையைச் சோதித்தனர்" என்றார்.

கருவி கோடிட்டுக் காட்டிற்று. பந்தின் பாதிக்கும் குறைந்த பகுதியே குச்சியில் படுமாதலின், நடுவர் முன்னர்க் கூறிய தீர்ப்பே நின்றது. நண்பர் சினந்தார்.

"சினவற்க! காலில் படும்வரை பந்து வந்த வழி காட்சியளவை. பட்டபின் சென்றிருக்கக்கூடிய வழி அனுமானம். அனுமானத்தில் ஐயம் நேருமிடத்து அங்கு நின்ற மனிதனையே நம்புக என விதித்துள்ளனர். உமது கருவி உம்மினும் அடக்கமுடையது!" என்றோம்.

நிற்க. நமது மாணவர் விடுதியின் பின்னுள்ள மைதானத்தில் கலியாண மண்டபம் எழுப்பி, அவ்வருவாயில் பிள்ளைகளுக்குத் தேகப்பயிற்சிப் பொறிகளும் அத்தகைய கடிகாரங்களும் வாங்கலாமென்னும் யோசனையைத் தாங்கள் அறிவீர்கள். அதனை எழுதிக் கொடுத்தவர் இந்நண்பரே. யாம் அவரோடு வாதாடவில்லை. ஒரு மாலை அம்மைதானத்திற்கு அழைத்துச் சென்றோம்.

பிள்ளைகள் சடுகுடு ஆடிக்கொண்டிருந்தனர். "பெரியப்பா, நடுவர் இல்லை, நீங்கள் நில்லுங்கள்" என்றான் ஒரு சிறுவன். நண்பர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஒருவன் மூச்சு விட்டானா, மற்றவன் கோட்டைத் தொட்டானா என்று பார்க்க இருபுறமும் ஓடினார். ஒரு நாழிகை கழிந்து வியர்வை வடிய வந்தார்.

"எத்தனை அடி?" என்றோம்.

"கடிகாரம் வீட்டில் மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கிறது, பண்டிதரே! நாளையும் அங்கேயே கிடக்கட்டும்" என்றார்.

அன்பர்களே! யோசனை அடுத்த மாதம் மகாசபைக்கு வருகின்றது. நண்பர் எப்பக்கம் கை தூக்குவாரென்பதை யாம் கேட்கவில்லை. மண்டபத்தால் சங்கத்திற்கு வருவாய் உண்டென்பதையும் மறுக்கவில்லை. மண்டபத்தை வேறோரிடத்திற் கட்டலாம். ஓடியாடும் பருவத்தை வேறொரு வயதிற் பெறுதல் இயலாது. அளப்பது கருவி; ஓடுவது கால். ஓட நிலமின்றேல் அளத்தற்கு யாதுளது? தாங்கள் கை தூக்குமுன் ஒரு மாலை அம்மைதானத்திற்கு வந்து நிற்குமாறு வேண்டி அமர்கின்றோம்.