ஐட்லிங் சொல்லும் சேதி

(சங்கத்தின் சந்திப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆளுக்குப் பத்து நிமிடம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மெக்கானிக்கை மேடையேற்றினால் அவன் வண்டியைப் பற்றித்தான் பேசுவான். வெளியே நிற்கும் கார்களில் பல, மாலையில் தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் பக்கம் போகப்போகின்றன. அதனால் ஐட்லிங்கில் இஞ்சின் உதறினால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன். அதற்கும் தொப்பூருக்கும் சம்பந்தம் இருக்கிறது.

"ஆக்ஸிலேட்டர்ல கால் வெச்சா நல்லாத்தான் சார் இருக்கு, சிக்னல்ல நின்னா உதறுது." வழக்கமான புகார் இதுதான். அம்பாசடர், பியட் காலத்தில் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகி ஐட்லிங்கைக் கூட்டிவிடுவார்கள். உதறல் அடங்கும், நோய் உள்ளேயே இருக்கும். இன்றைய பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் இல்லை, கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. சூடேறிய இஞ்சின் பொதுவாக நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் உள்ளே போகும் காற்றும் பெட்ரோலும் கொஞ்சம்தான். கொஞ்சத்தில் கொஞ்சம் குறைந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

முதலில் ஸ்பானரைத் தொடாதீர்கள், கவனியுங்கள். ஆர்.பி.எம். முள் ஆடாமல் நிற்கிறது, பாடி மட்டும் அதிர்கிறது என்றால் இஞ்சின் மவுண்டிங்கைப் பாருங்கள். மூன்று சிலிண்டர் வண்டியில் லேசான அதிர்வு பிறவிக்குணம், அதை நோய் என்று எண்ண வேண்டாம். முள்ளும் சேர்ந்து ஆடினால் கோளாறு இஞ்சினுக்குள்தான்.

அடுத்து, சீராக ஒரே தாளத்தில் உதறுகிறதா, தாளம் தப்பி ஏறி இறங்குகிறதா என்று கேளுங்கள். ஒரே தாளம் என்றால் பெரும்பாலும் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. ஸ்கேனர் போட்டால் பி0302 போல ஓர் எண் வரும். கடைசி இலக்கம் சிலிண்டரைச் சொல்லும், இது இரண்டாவது. உடனே புது காயில் வாங்க ஓடாதீர்கள். இரண்டாவது காயிலை மூன்றாவதில் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடு பி0303 ஆனால் குற்றவாளி காயில். மாறவில்லை என்றால் பிளக், அப்புறம் இன்ஜெக்டர், கடைசியாகக் கம்ப்ரெஷன். செலவு குறைந்த சோதனை முதலில், இஞ்சினைப் பிரிப்பது கடைசியில். பழைய பழக்கத்தில், ஓடும் இஞ்சினில் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கக் கூடாது. காயில் போகும். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அதையும் கெடுக்கும். செக் இஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தாலும் அந்த அபாயம்தான். மெதுவாக ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்துங்கள்.

தாளம் தப்பினால் திராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம், அல்லது வேக்குவம் கசியலாம். ஐட்லிங்கில் காற்று வழி ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன் இழுக்க இழுக்க உள்ளே வெற்றிடம் உண்டாகும். எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே புகும், கலவை கெடும். வேகம் கூட்டினால் அந்தக் காற்று பெரிதாகத் தெரியாது. "கால் வெச்சா நல்லா இருக்கு" என்பதன் ரகசியம் இதுதான். கசிவைத் தேட ஒரு முழ ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஹோஸ்களின் பக்கம் நகர்த்தினால், ஓட்டை இருக்கும் இடத்தில் சீறல் கேட்கும். ஃபேனும் பெல்ட்டும் பத்திரம். பெட்ரோல் தெளித்துத் தேடாதீர்கள், தீப்பிடிக்கும்.

வேக்குவம் கேஜ் வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கடல் மட்டத்தில் நல்ல இஞ்சின் 17 முதல் 22 அங்குலம் காட்டும். ஆயிரம் அடி ஏறினால் சுமார் ஓர் அங்குலம் குறையும். நம்ம தர்மபுரி ஏறத்தாழ 1500 அடி உயரம். சென்னைக் கணக்கை இங்கே பார்த்து நல்ல இஞ்சினைப் பிரித்துவிடாதீர்கள்.

இப்போது தொப்பூர். அதே வேக்குவத்தைத்தான் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பிரேக் பூஸ்டரும் பயன்படுத்துகிறது. பூஸ்டரோ அதன் ஹோஸோ ஓட்டையானால் இஞ்சின் உதறும், பிரேக்கும் கல்லாக இறுகும். உதறலைப் பொறுத்துக்கொள்ளலாம், இறக்கத்தில் பிரேக் இறுகினால்?

சோதனை சுலபம். இஞ்சின் ஆஃப். பெடலை நாலைந்து முறை அழுத்துங்கள், இறுகும். அப்படியே மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றாலோ, மிதிக்கும்போது சீறல் கேட்டு ஐட்லிங் மாறினாலோ, கணவாய்க்குப் போகாமல் மெக்கானிக்கிடம் போங்கள்.

இதே காரணத்தால்தான் இறக்கத்தில் எரிபொருள் மிச்சம் பிடிக்க இஞ்சினை அணைப்பதும் தவறு. அணைத்தால் பூஸ்டரில் ஓரிரு மிதிக்கு மேல் வேக்குவம் மிஞ்சாது. டீசல் காரின் வேக்குவம் பம்பும், லாரியின் ஏர் கம்ப்ரெஸரும் இஞ்சின் ஓடினால்தான் ஓடும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அந்த இறக்கத்தில் லாரி மோதிய விபத்துகளில் உயிர்கள் போனதை நாம் அறிவோம். கீழ் கியரில் மெதுவாக இறங்குங்கள், நியூட்ரல் வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே போகும்போது அவரவர் வண்டியில் அந்தப் பெடல் சோதனையைச் செய்து பாருங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும். சந்தேகம் இருந்தால் வாசலிலேயே இருப்பேன், பீஸ் கிடையாது.

அடுத்த சந்திப்புக்கும் எல்லோரும் நலமாக வந்து சேருங்கள்.