ஈதலும் காத்தலும்: கேத்திச் சரிவின் ரோஜாத் தோட்டங்கள்



குறிஞ்சி நிலத்தின் அழகைப் பாடிய கபிலர், குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை நிரல்படக் கூறுகின்றார். அந்நிரலில் ரோஜாவுக்கு இடமில்லை. தமிழில் வழங்கும் அதன் பெயரும் ஐரோப்பியர் வருகைக்குப் பின் போர்த்துகீசிய மொழிவழி வந்து சேர்ந்ததே. ஆயினும் இன்று உதகைக்கும் குன்னூருக்கும் இடையே விரிந்து கிடக்கும் கேத்திப் பள்ளத்தாக்கில், வாயிலில் ரோஜா நிற்கும் வீடுகள் பல. படுகர் ஊர்களின் முற்றங்களிலும், தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் பழைய தகர டப்பாக்களிலும் அது பூத்து நிற்கின்றது.

புலவரின் நிரலில் இல்லாத மலர் மலைமக்களின் முற்றத்து மலரானது எவ்வாறு? அரசுப் பூங்காக்களும் நாற்றுப் பண்ணைகளும் துணைசெய்தன என்பது உண்மை. எனினும் பெரும்பங்கு கைமாற்றத்திற்கே உரியது. ஒரு வீட்டில் வெட்டப்பட்ட குச்சி மறுவீட்டில் வேர் பிடித்தது. அங்கிருந்து மற்றொரு வீடு சென்றது. பாரி கொடிக்குத் தேர் ஈந்தான். இம்மலையின் எளிய தோட்டக்காரர்களோ அண்டை வீட்டாருக்குக் கொடியையே ஈகின்றனர். அவ்வீகையின் இயல்பையும், அதன் பயனையும், அதில் மறைந்திருக்கும் பொறுப்பையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

பனியும் சரிவும்

கேத்தி, கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் அமைந்தது. 1830-களிலேயே ஆங்கில அரசு இங்குச் சோதனைப் பண்ணை ஒன்றை நடத்திப் பார்த்தது. அது நெடுநாள் நீடிக்கவில்லை. காரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் படிப்படியான வயல்களில் விளையும் இப்பள்ளத்தாக்கின் பெரும்பகை உறைபனியாகும். கார்த்திகை தொடங்கி மாசி வரை, மேகமற்ற இரவுகளில், குளிர்ந்த காற்று கனத்துத் தாழ்ந்து பள்ளத்தின் அடியில் தேங்குகின்றது. அடிவாரத்துத் தோட்டத்தில் டேலியாவின் இலைகள் ஒரே இரவில் கருகிவிட, சற்று மேலே சரிவில் உள்ள வீட்டில் அதே செடி பசுமை குன்றாது நிற்கும்.

இவ்வியற்கை கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. அருமையான செடியைத் தன் வேலிக்குள் மட்டும் வைத்திருப்பவர் ஒரு பனியிரவில் அதனை முற்றும் இழக்கக் கூடும். மேல்வீட்டாருக்கு ஒரு பதியனை முன்பே கொடுத்திருந்தாலோ, இழந்ததைத் திரும்பக் கேட்டுப் பெறலாம். கொடுத்தது குறையன்று, காப்பு. ஈதல் இங்கே அறமாக மட்டுமன்றி அறிவாகவும் விளங்குகின்றது.

கவாத்தும் கண் ஒட்டும்

கோடையில் பூக்க வேண்டிய ரோஜாவைத் தை மாதத்தை ஒட்டிக் கவாத்துச் செய்வது இம்மலை வழக்கம். வெட்டி வீழ்த்திய கிளைகளே கொடைப்பொருளாகின்றன. பென்சில் பருமனும் ஒரு சாண் நீளமும் உடைய முற்றிய குச்சியைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு நிழலில் ஊன்றினால், பழைய கொடி ரோஜாக்களும் பன்னீர் ரோஜாவும் எளிதில் வேர்விடும்.

பெரிய மலர் தரும் கலப்பின ரோஜாக்கள் அவ்வளவு எளிதில் இசைவதில்லை. குச்சியாக ஊன்றினால் வேர்விடத் தயங்கும். விட்டாலும் பல நலிந்தே வளரும். ஆகவே அவற்றிற்குக் கண் ஒட்டு வேண்டும். சமவெளியில் எட்வர்டு ரோஜாவும், மலையில் மல்டிபுளோரா என்னும் காட்டின ரோஜாவும் வேர்ச்செடியாகப் பயன்படுகின்றன. பட்டை எளிதில் உரியும் பருவத்தில் வேர்ச்செடியின் தண்டைச் சிறிதாகக் கீறி, வேண்டிய இனத்தின் ஒரே ஒரு கண்ணை மெல்லிய பட்டையோடு சீவி உட்செலுத்தி, கண் மட்டும் வெளித்தெரியக் கட்டுவர். மூன்று நான்கு வாரங்களில் கண் பிடித்துவிடும். பின்னர் வேர்ச்செடியின் மேற்பகுதியை நீக்கினால், அக்கண்ணே முழுச்செடியாய் எழும்.

எண்ணிப் பார்க்கத் தக்கது இது: விரல் நீளக் குச்சியில் நான்கைந்து கண்கள் உள்ளன. ஈரத்துணியில் சுற்றி மடித்துக் கொடுத்த ஒரு சிறு பொருள், கைபழகியவரிடம் நான்கைந்து செடிகளாகின்றது. கொடுத்தவரின் செடியோ கவாத்தினால் முன்னிலும் செழிக்கின்றது.

பல்லாண்டுச் செடிகளும் இவ்வாறே பகிர்வுக்கு இணங்கியவை. டேலியாக் கிழங்கைப் பிரிக்கும்போது கழுத்துப்பகுதியில் முளைக்கண் ஒன்றேனும் இருக்க வேண்டும். இல்லையேல் கிழங்கு கொழுத்திருந்தும் முளைக்காது. ஜெரேனியம் கிள்ளி நட்டாலே பிழைக்கும். அகபாந்தஸ் தூர்கட்டி நெருங்கிய பின் பிரித்துக் கொடுக்காவிடில் பூப்பது குறையும். ஹைட்ரேஞ்சியாவின் இயல்பு இன்னும் வியப்பானது. மண்ணில் அமிலம் மிகுந்தால் செடி அலுமினியத்தை ஈர்த்து நீலமாய்ப் பூக்கும்; சுண்ணாம்பு மிகுந்தால் இளஞ்சிவப்பாய் மாறும். நீலகிரியின் அமில மண்ணில் நீலமாய்ப் பூத்த செடியைப் பெற்றவர், தம் தொட்டியில் அது சிவந்து பூப்பது கண்டு மயங்குவதுண்டு. கொடுத்தவர் ஏமாற்றவில்லை. கொடையைப் பெற்ற மண்ணும் தன் பங்கைச் சேர்க்கின்றது.

பகிர்வின் வரலாறு

உதகை அரசு தாவரவியல் பூங்காவின் தொடக்கமே ஒருவகைப் பகிர்வுதான். 1845-ஆம் ஆண்டளவில் அங்கு வாழ்ந்த ஐரோப்பியர், மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்திக் காய்கறி பெறும் பொதுத் தோட்டம் ஒன்றை அமைத்தனர். அம்முயற்சி தழைக்கவில்லை. பின்னர் 1848-இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த மெக்ஐவர் என்பாரின் உழைப்பால் இன்றைய பூங்கா உருப்பெற்றது. மலர்க்காட்சியின் நூற்றாண்டு நினைவாக 1995-இல் எல்க் குன்றின் சரிவில் ரோஜாப் பூங்கா எழுந்தது. 2006-இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு அதற்குச் சிறப்பு விருது வழங்கியது. ஆயிரக்கணக்கான இனங்கள் ஓரிடத்தில் நிற்பது பெருமையே. எனினும் ஓரிடத்தில் நிற்பது ஒரு பனிக்கும் ஒரு நோய்க்கும் இலக்காவதும் ஆகும். சிதறி நிற்கும் வீட்டுத் தோட்டங்களே அப்பூங்காவின் மெய்யான வேலி.

உலக அளவில் இதற்குச் சான்று 'பீஸ்' என்னும் ரோஜா. பிரான்சு நாட்டு மெய்யான் குடும்பத்தார் உருவாக்கிய அவ்வினத்தின் கண்குச்சிகள், 1939-இல் போர் மூளும் வேளையில் அயல்நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. போர்க்காலத்தில் தொடர்பு அற்றது. 1945-இல் அமெரிக்காவில் 'அமைதி' எனும் பொருள்படும் பெயரை அது பெற்றது. சான்பிரான்சிஸ்கோவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாட்டின் பேராளர்களுக்கும் வழங்கப்பட்டது. முன்னரே பிறர்கையில் கொடுத்திருந்தமையால், போரின் முடிவை எதிர்பாராமலே அது உலகெங்கும் வேரூன்ற முடிந்தது.

தமிழகத்தில் கொடைக்கானலில் வாழ்ந்து ரோஜா இனங்களை உருவாக்கிய வீரராகவன், கிரிஜா இணையரும் இங்கு நினைக்கத் தக்கவர்கள். ஆட்சிப்பணியைத் துறந்து வந்த அவர், மணிப்பூர்ப் பகுதியில் வளரும் ஜைகாண்டியா முதலிய இந்தியக் காட்டு ரோஜாக்களைக் கொண்டு வெப்பம் தாங்கும் புதிய இனங்களைப் படைத்தார். அவற்றுள் ஒன்று தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளின் பெயர் தாங்குகின்றது. நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் வெண்மையாய்ப் பூத்து மரமேறும் காட்டு ரோஜா ஒன்றும் உண்டு. கப்பலேறி வந்த பெயருடைய மலருக்கு இம்மண்ணிலேயே ஓர் உறவினம் இருப்பதைப் பலர் அறியார்.

கொடையின் மறுபக்கம்

ஈகையைப் புகழும்போது அதன் தீங்கையும் மறைத்தல் ஆகாது. பிறந்த நாட்டின் நினைவுக்காகவும் வேலிக்காகவும் ஐரோப்பியர் கொண்டுவந்த கார்ஸ், ஸ்காட்ச் புரூம் ஆகிய மஞ்சள் மலர்ப் புதர்கள், வேலி தாண்டி நீலகிரியின் புல்வெளிகளைக் கவ்வின. அழகுக்காக வந்த உண்ணிச்செடி காடுகளை நெருக்கியது. தென்னாப்பிரிக்காவின் வெண்ணிற ஏரம் லில்லி ஓடைக்கரைகளை நிறைத்தது. இவை யாவும் அன்போடு நடப்பட்டவையே. புல்வெளி சுருங்கினால் பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கும் இடமில்லை. எனவே எச்செடியைக் கொடுப்பது என்பது போலவே எதனைக் கொடாதிருப்பது என்பதும் ஈகை அறத்தின் பகுதியாகின்றது.

மற்றோர் இழப்பு ஓசையின்றி நிகழ்கின்றது. அது பெயரின் இழப்பு. குச்சி கைமாறுகின்றது, பெயர் மாறுவதில்லை. இரண்டாம் கையில் 'அந்த ரோஸ் நிறம்' என்றும், மூன்றாம் கையில் வெறும் 'ரோஜா' என்றும் ஆகிவிடுகின்றது. பழைய வீடு இடிந்து புதிய கட்டடம் எழும் நாளில், பெயரறியாத புதரைக் காக்க எவரும் முன்வருவதில்லை. பெயர் உள்ளதையே மனிதர் தேடுவர்.

தமிழ் இலக்கியம் இதனை நன்கறியும். 1880-இல் குடந்தையில் சேலம் இராமசாமி முதலியார் சிந்தாமணி ஏட்டுப் பிரதியை உ.வே.சாமிநாதையரிடம் கொடுத்தார். 1887-இல் அந்நூல் அச்சேறியது. பரணில் பூட்டிய ஏடு செல்லுக்கு இரையாயிற்று. பிறர் கைக்குப் பெயர்த்தெழுதிக் கொடுத்த ஏடு பிழைத்தது. ஏட்டின் முகப்பில் நூற்பெயர் அழிந்தபோது, அது இன்ன நூல் என அறியவே அறிஞர் அரும்பாடுபட்டனர்.

ஆகவே கேத்தியின் தோட்டக்காரர்க்கும் கவிஞர்க்கும் பொதுவான வேண்டுகோள் இது. செடியைக் கொடுக்கும்போது ஒரு சிறு சீட்டையும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். அதில் செடியின் பெயர், பெற்ற வீடு, கொடுத்த ஆண்டு, அதன் இயல்பு ஆகியவை இருக்கட்டும். பெயர் தெரியாவிடில் பெற்ற வீட்டின் பெயரையேனும் எழுதட்டும். வேலி தாண்டிப் பரவும் இயல்புடையதாயின் அதனையும் மறைக்காது குறிக்கட்டும்.

பத்து ஆண்டுகளாகப் பாடலும் கருத்தும் கைமாற்றி வந்துள்ள இவ்வட்டம் அடுத்து வரும் கவாத்துக் காலத்தில் அச்சீட்டுகளை எழுதத் தொடங்குமாயின், மலையின் மலர்களுக்கும் தமிழுக்கும் ஒருசேரத் தொண்டாற்றியதாகும்.

வாழ்க இலக்கிய வட்டம்! வளர்க அதன் பணி!