சிட்னி வூடர்சன் என்னும் ஓட்டவீரர்



ஆங்கிலேய ஓட்டவீரர் ஒருவரைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தபோது, 1954ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி ஒக்ஸ்போர்ட்டில் நாலு நிமிஷத்துக்குள் ஒரு மைல் ஓடிய றொஜர் பனிஸ்ரரையே நாம் எடுத்துக்கொள்வோம் என்று பலர் எண்ணியிருப்பீர்கள். அந்தப் பனிஸ்ரர் பதினாறு வயதுப் பையனாய்த் தந்தையாருடன் மைதானத்துக்குச் சென்று எவருடைய ஓட்டத்தைக் கண்டு மனதைப் பறிகொடுத்தாரோ, அவரைப் பற்றியே பேசத் துணிந்தோம். அவர் பெயர் சிட்னி வூடர்சன்.

1914இல் இலண்டனில் பிறந்தவர். உயரம் ஐந்தடி ஆறங்குலம். மெலிந்த தேகம், முகத்திலே மூக்குக் கண்ணாடி, தொழிலோ சட்டத்தரணி. பிளாக்ஹீத் ஹரியர்ஸ் கழகத்தின் கறுப்பு உடையில் அவர் வந்து நின்றால், புதிதாய்ப் பார்ப்பவர்கள் யாரோ கணக்கப்பிள்ளை வழிதவறி வந்துவிட்டார் என்றே நினைத்திருப்பார்கள். நம்மிலும் சிலர் அப்படித்தான் நினைத்திருப்போம். ஆளைப் பார்த்து எடைபோடுவதில் நாம் எவர்க்கும் குறைந்தவர்கள் அல்லர்.

1935இல் நியூசிலாந்து வீரர் லவ்லொக்கை ஆங்கிலச் சம்பியன் போட்டியின் மைல் ஓட்டத்தில் தோற்கடித்தார். மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் இருவரும் மோதுவர் என்று காத்திருந்தார்கள். ஆனால் கணுக்காலில் காயத்துடனே சென்ற வூடர்சன் முதற் சுற்றிலேயே வெளியேறினார். தங்கப் பதக்கமும் உலக சாதனையும் லவ்லொக்கைச் சேர்ந்தன. இன்னொரு ஒலிம்பிக் ஓட்டம் வூடர்சனுக்கு வாய்க்கவேயில்லை.

ஓராண்டு சென்றது. 1937 ஓகஸ்ட் 28ஆம் திகதி, மொற்ஸ்பர் பார்க் மைதானத்தில் ஒரு விசேஷ மைல் ஓட்டம் ஒழுங்கு செய்யப்பட்டது. மற்றவர்களை முன்னே வெவ்வேறு தூரங்களில் நிறுத்திவிட்டு, இவரை மட்டும் முழு மைலையும் ஓடவிட்டார்கள். முன்னே ஓடுபவர்களை ஒவ்வொருவராய்த் துரத்திப் பிடிக்கவேண்டும். 4 நிமிஷம் 6.4 செக்கனில் ஓடி முடித்தார். அது புதிய உலக சாதனை. 1938இல் அதே மைதானத்தில் 800 மீற்றரை 1 நிமிஷம் 48.4 செக்கனில் ஓடி அதிலும் உலக சாதனை நாட்டினார். அவ்வாண்டே பாரிஸில் ஐரோப்பாவின் 1500 மீற்றர் வெற்றியும் அவருக்கே கிடைத்தது.

பின் வந்தது மகா யுத்தம். பார்வைக் குறைவு காரணமாகப் போர்முனைக்கு எடுக்கப்படாத வூடர்சன் தீயணைப்புப் பணியிலும், பின் இராணுவத்தின் துணைப் படைகளிலும் சேவை செய்தார். ஓட்டவீரனுடைய நல்ல வயது இப்படிக் கழிந்தது. அதே ஆண்டுகளில், நடுநிலை வகித்த சுவீடனில் ஹேக் என்பவரும் அண்டர்சன் என்பவரும் மாறி மாறி மைல் சாதனையைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். 1944இலோ வாதக் காய்ச்சல் வந்து வூடர்சன் மாதக்கணக்காய் ஆசுப்பத்திரியிற் கிடந்தார். இனி ஓட்டமே இல்லை என்றார்கள் வைத்தியர்கள்.

மறு ஆண்டு ஓகஸ்டில் இலண்டன் வைற் சிற்றி மைதானத்தில் அண்டர்சனுக்கு எதிரே அவர் நின்றார்! ஒருவர் நெடிய, திடகாத்திரமான சுவீடன் வீரர். மற்றவர் நோயினின்று எழுந்த சிறிய மனிதர். கடைசிச் சுற்றில் வூடர்சன் முந்தினார். இறுதியிலே அண்டர்சன் வென்றார். இந்த ஓட்டத்தைத்தான் சிறுவன் பனிஸ்ரர் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் கோதன்பர்க்கில் மீண்டும் ஓடினார்கள். அண்டர்சன் 4 நிமிஷம் 3.8 செக்கன், வூடர்சன் 4 நிமிஷம் 4.2 செக்கன். தோல்விதான். ஆயினும் முப்பத்தொரு வயதில், தம் வாழ்நாளிலேயே மிக விரைவான மைல் ஓட்டத்தை அவர் ஓடியது அன்றுதான்.

1946இல் ஒஸ்லோவில் 5000 மீற்றர் தூரத்துக்கு மாறினார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சட்டோபெக் அன்று ஐந்தாவதாகவே வந்தார். 14 நிமிஷம் 8.6 செக்கனில் முதலாவதாக வந்தவர் நமது கண்ணாடிக்காரர்.

1948இல் ஒலிம்பிக் இலண்டனுக்கு வந்தது. தீபத்தை மைதானத்துள் ஏந்திச் செல்லும் கௌரவம் வூடர்சனுக்கே என்று அநேகர் எதிர்பார்த்தனர். ஆனால் உயரமும் அழகும் வாய்ந்த ஜோன் மார்க் என்ற கேம்பிறிட்ஜ் வாலிபர் தெரிந்தெடுக்கப்பட்டார். அதைக் குறித்து வாசித்தபோது எமக்கு ஆத்திரமே வந்தது. வூடர்சனோ சட்ட அலுவலுக்குத் திரும்பி அமைதியாகவே வாழ்ந்தார். எம்.பி.ஈ. என்னும் அரச விருது அவர் வீட்டுக் கதவைத் தட்டியது 2000ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்து. 2006 டிசம்பரில், தொண்ணூற்றிரண்டாம் வயதில் காலமானார்.