விறலிக்கு வழி சொன்னவர் யார்?
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆற்றுப்படை நூல்கள் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். பல ஆண்டுகளாக வகுப்பறையில் நான் நடத்திவரும் பாடந்தான். ஆயினும் சென்ற தைத் திங்களில், சிறுபாணாற்றுப்படையும் மலைபடுகடாமும் காட்டும் நிலப்பகுதிகளில் மூன்று நாள் தனியே சென்று வந்தேன். வில்லியனூரில் புறப்பட்டுக் கடற்கரைச் சாலையில் மரக்காணம், பின் மேற்கே திரும்பித் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், இறுதியில் பருவதமலை. ஓட்டுநர் இல்லை. வாடகைக்கு எடுத்த வண்டியை நானே ஓட்டினேன். மகிழுந்து என்று சொல்லலாம். வழியில் அச்சொல்லைப் பயன்படுத்தியவர் ஒருவருமில்லை, ஆதலின் கார் என்றே சொல்லிவிடுகிறேன்.

சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. பாடியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்னும் பெயர் இன்றும் மரக்காணத்துக்கு வடக்கே கடற்கரையில் வழங்குகிறது. பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என அவன் ஊர்கள் நிரல்படக் கூறப்படுகின்றன. கிடங்கில் இன்று திண்டிவனத்துள் அடங்கிய பகுதி; எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு பொருத்துவர் அறிஞர் பலர்.

அந்நூலின் வறுமைக் காட்சியை அறியாதார் இவ்வவையில் இரார். ஈன்ற நாய் குரைக்கும் பாழ் அடுக்களை. குப்பைக் கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்து உண்ணும் குடும்பம். உப்புக்கு வழியற்ற அந்த வீட்டிலிருந்து புறப்படும் பாணனைப் புலவர் நெய்தல் நிலத்தின் வழியே செலுத்துகிறார். மரக்காணத்து உப்பளங்களின் ஓரம் காரை நிறுத்தியபோதுதான் இது எனக்கு உறைத்தது. சாலையின் இருபுறமும் பாத்திகள். பெண்கள் சேற்றை மிதித்துத் தரையை இறுக்கிக்கொண்டிருந்தனர். நூலுள் உப்பில்லாமை ஒரு வீட்டின் நாணம். கண் எட்டிய மட்டும் உப்பு விளையும் மண்ணில் நின்று அதை எண்ணும்போது, அக்கதவு அடைபடும் ஓசை வகுப்பறையில் கேட்டதைவிட உரக்கக் கேட்கிறது.

எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் விருந்து, நுளைமகள் வடித்த தேறலும் சுட்ட மீனும். அதே மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் கள்ளச்சாராயம் குடித்துப் பலர் மாண்டனர். தேறலுக்கு உரை சொல்லும் ஆசிரியர் இனி அவ்வூரை நினையாமல் சொல்ல இயலாது. என் வண்டியையும் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்திப் பின்புறம் திறந்து பார்த்தனர். புதுவையிலிருந்து வரும் வண்டிக்கு அது வழக்கந்தானே. உள்ளே இருந்தவை ஒரு பையும் பத்துப்பாட்டும். காவலர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “கூட யாரும் வரலையா மேடம்?” என்றார்.

இவ்வினா வாடகை நிலையத்திலேயே தொடங்கியது. புறப்படுமுன் நான் கலந்து பேசியவர் ஏழெட்டுப் பேர். போகாதே என்றவர் பலர். எப்படிப் போவது என்று சொன்னவர் ஒருவருமில்லை. ஆற்றுப்படையின் உயிர்நிலை இவ்விடத்தில்தான் இருப்பதாக நான் கருதுகிறேன். போய் வந்தவன், போக வேண்டியவனிடம் ‘போகாதே’ என்பதில்லை. இங்கே பாம்பு உண்டு, இங்கே கல் வழுக்கும், இன்ன ஊரில் இன்ன உணவு கிடைக்கும், போய் வா என்கிறான்.

இனி என் ஐயத்துக்கு வருகிறேன். கூத்தர், பாணர், பொருநர், விறலி எனத் தொல்காப்பியர் நால்வரையும் சேர்த்தே ஆற்றுப்படைக்கு உரியவராகச் சொல்லிவிட்டார். பத்துப்பாட்டில் பொருநருக்கு ஒன்று, பாணருக்கு இரண்டு, கூத்தருக்கு மலைபடுகடாம். விறலிக்கு நெடும்பாட்டு இல்லை. புறநானூற்றில் விறலியாற்றுப்படைத் துறைப் பாடல்கள் சில உள. கபிலர் பாரியிடமும் முடமோசியார் ஆயிடமும் விறலியை அனுப்புகின்றனர். எல்லாம் குறும்பாடல்கள். யாரிடம் போவது என்பது அவற்றில் உண்டு. எவ்வழிப் போவது, இரவு எங்கே தங்குவது என்பது இல்லை.

அவற்றுள் ஔவையார் பாட்டு எனக்கு மிக நெருக்கமானது. ஒருபுறம் பதலையும் மறுபுறம் சிறுமுழவும் தொங்கத் தூக்கி வந்த விறலி ஒருத்தி, சுரத்தின் முகப்பில் அமர்ந்திருக்கிறாள். பாட்டில் அவளுடன் வேறு எவரும் காட்டப்படவில்லை. அஞ்சி தொலைவில் இல்லை என்று தேற்றுகிறார் ஔவையார். தாமும் நடந்தே நாடு சுற்றியவர் அல்லரோ? நடந்தவர்க்கே, வழியில் இருப்பவர்க்கு முதலில் வேண்டுவது தொலைவு பற்றிய செய்தி என்பது தெரியும்.

நெடும்பாட்டுகளில் பெண் எங்கே இருக்கிறாள்? சிறுபாணாற்றுப்படையில் தேறல் வடிப்பவள் நுளைமகள். வேலூரில் புளிச்சோறு சமைப்பவள் எயிற்றி. ஆமூரில் நண்டுக் கலவையோடு வெண்சோறு படைப்பவள் உழவர் தங்கை. வழியெங்கும் உலைமுகத்தில் பெண்ணே நிற்கிறாள். விறலியும் கூட்டத்தோடு நடக்கிறாள். அவள் கூந்தலும் அடியும் வருணிக்கப்படுகின்றன. மலைபடுகடாத்தில் பாம்பு ஒடுங்கும் குழிகளைக் கடக்கையில், மரமேறிப் பார்த்து விலகிச் செல்லும் அறிவுரை தலைவனுக்கு. கைகூப்பித் தொழும் வேலை விறலியருக்கு.

செஞ்சியை விரைவில் கடந்தேன். நம் வில்லியனூரைத் தொட்டு ஓடும் சங்கராபரணிக்குச் செஞ்சியாறு என்றும் பெயர் உண்டு. ஆற்றுக்கு எதிர்முகமாக மேற்கே ஏறுகிறோம் என்னும் நினைவே அங்குப் போதுமானதாக இருந்தது. 2025இல் உலக மரபுச் சின்னமான கோட்டைக்குத் தனியே ஒரு நாள் வேண்டும்.

மலைபடுகடாம் 583 அடிகள், பெருங்கௌசிகனார் பாடியது. மலைச் சிற்றூர்களில் உம் வீட்டில் நுழைவதுபோல் நில்லாமல் நுழையுங்கள் என்கிறது. திருவண்ணாமலையில் நான் முதலில் கேட்ட விடுதியில் தனிப்பெண்ணுக்கு அறை இல்லை என்றனர். அடையாள அட்டையைக் காட்டினேன். “வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும், போன் போட்டுக் குடுங்க” என்றார் மேசையில் இருந்த தம்பி. என் மாணவர் வயதிருக்கும். மூன்றாம் விடுதியில்தான் அறை கிடைத்தது.

மறுநாள் செங்கம் சென்று செய்யாற்றைப் பார்த்துவிட்டு, நூல் நவிரமலை என்று கூறும் பருவதமலை அடிவாரத்துக்கு வந்தேன். கார் அதுவரைதான். மேலே செங்குத்துப் பாறையில் கடப்பாரைப் படிகள். இரும்பைப் பற்றித்தான் ஏற வேண்டும். முழுநிலா நாளாதலால் கூட்டம் இருந்தது. பக்கத்து ஊர்ப் பெண்கள் ஐவரோடு சேர்ந்துகொண்டேன். மூத்தவர் என்னைப் பார்த்து, “தனியாவா வந்தே கண்ணு? சரி, முன்னாடி போவாதே, நடுவுல வா. கம்பியப் பாக்காதே, என் காலப் பாத்து ஏறு” என்றார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. வழுக்குமிடத்தில் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டோம். நான் மூன்று நாளில் கேட்ட ஒரே ஆற்றுப்படை அதுதான்; அதைச் சொன்னவர் பத்துப்பாட்டைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

இவ்வட்டத்தின் பெண் பாவலர்க்கு என்னாலான வழியைச் சொல்லிவிடுகிறேன். பொழுது விடியுமுன் புறப்படுங்கள். உப்பளத்தில் வெயில் ஏறிவிட்டால் கண் கூசும். திண்டிவனத்தில் எரிபொருள் நிரப்பும்போதே அங்குள்ள கழிப்பறையைக் கேட்டுப் பெறுங்கள், தயங்க வேண்டாம். அறையை முன்னரே பேசி, தனியே வருகிறேன் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வாடகைக் காரின் கறுப்புப் பலகையையும் மஞ்சள் எழுத்தையும் கண்டு பலர் திரும்பிப் பார்ப்பர்; பார்க்கட்டும். மலைக்கு முழுநிலா நாளில் போங்கள், பெண்கள் துணை கிடைக்கும். ஓட்டுநர் உரிமம் அசலாகக் கையில் இருக்கட்டும். போய் வந்தவர் இதில் விட்டுப்போனதை அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன்.