ஈ-டைப்: முதல்ல வந்ததா, பின்னாடி வந்ததா?

ஜாகுவார் ஈ-டைப்ல எதை எடுக்கலாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. 1961-ல வந்த ஆரம்ப வண்டிகளுக்குத்தான் மவுசு: பானெட் பூட்டு வெளியில, காலடியில தட்டைத் தரை. ஆனா உயரமான ஆளுக்குக் கால் வைக்க இடம் பத்தாது. 1962-லயே தரையைப் பள்ளமாக்கிட்டாங்க. முதல் கியர்ல சிங்க்ரோமெஷ் இல்ல, வண்டி உருளும்போது போட்டா கரகரன்னு கத்தும். பிரேக்? சுமார்தான்.

1964-ல 4.2 லிட்டர் இன்ஜின் வந்தப்போ கியர்பாக்ஸ், பிரேக், சீட் மூணுமே தேறிடுச்சு. கம்பெனி சொன்ன குதிரைத்திறன் மட்டும் அதே 265.

நானா இருந்தா 4.2 தான். ஓட்டத்தானே வாங்குறோம்! விக்கிறப்போ ஆரம்ப வண்டி அளவுக்குக் காசு வராது, அதையும் சொல்லிடறேன். இல்ல, பழசுதான் வேணும், அஞ்சு கியர் பெட்டி மாத்திக்கறேன்னா, ஒரிஜினலைத் தூக்கிப் போட்டுடாதீங்க.